திருகாணியிலிருந்து நகரசபைக்கு

மழுங்கிய முனைத் திருகாணியை மரத்தில் இறக்க, தச்சர் முதலில் துளை போட்டாக வேண்டும். கூர்முனையோடே திருகாணி செய்யும் அமெரிக்க இயந்திரத்தின் உரிமையை பர்மிங்காமில் தொழில் நடத்திய நெட்டில்ஃபோல்ட் வாங்கினார். பணம் பற்றவில்லை. லண்டனில் காலணி வியாபாரம் செய்த மைத்துனர் முதல் போட்டார். போட்ட முதலைப் பார்த்துக்கொள்ள 1854-இல் தன் 18 வயது மகனையும் அனுப்பிவைத்தார். அந்தப் பையன்தான் ஜோசப் சேம்பர்லெய்ன்.

யூனிடேரியன் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த குடும்பம். இங்கிலாந்துத் திருச்சபையில் சேராதவர்களுக்கு ஆக்ஸ்ஃபோர்டும் கேம்பிரிட்ஜும் எட்டாத காலம் அது. 16 வயதில் பள்ளியோடு படிப்பு முடிந்தது. அத்தை கணவரின் ஆலையில் கணக்கும் விற்பனையும் அவர் கைக்கு வந்தன. சிறு ஆலைகளை ஒவ்வொன்றாக விலைக்கு வாங்கி, இங்கிலாந்தின் திருகாணிச் சந்தையில் பெரும்பங்கைத் தன் நிறுவனத்தின் பிடிக்குள் கொண்டுவந்தார். 1874-இல் பெருஞ்செல்வத்தோடு தொழிலிலிருந்து விலகியபோது அவருக்கு வயது 38. அதற்கு முந்தைய ஆண்டே பர்மிங்காம் மேயராகியிருந்தார்.

மேயராக இருந்த மூன்று ஆண்டுகளே அவர் வாழ்வின் சிறந்த பகுதி என்பேன். நகரில் இரண்டு எரிவாயு நிறுவனங்கள் இருந்தன. ஒரே ஊருக்கு இரண்டு குழாய்கள், லாபம் பங்குதாரர்களுக்கு. 1875-இல் ஏறத்தாழ 20 லட்சம் பவுண்டு விலையில் இரண்டையும் நகரசபைக்கே வாங்கினார். முதல் ஆண்டிலேயே 34,000 பவுண்டு லாபம் கிடைத்தது. அடுத்து தண்ணீர். ஏழைகள் குடித்த கிணறுகளில் மலக்குழிக் கசிவு கலந்து, காய்ச்சல் வீடு வீடாகப் பரவிய ஊர் அது. தண்ணீர் நிறுவனத்தை 13.5 லட்சம் பவுண்டுக்கு வாங்கிய பிறகு அவர் வகுத்த கொள்கைதான் என்னைக் கவர்கிறது. எரிவாயுவில் லாபம் வரலாம், அது ஊர்ச் செலவுக்குப் போகட்டும். தண்ணீரில் லாபம் பார்க்கவே கூடாது, வருவதெல்லாம் கட்டணத்தைக் குறைக்கப் போகட்டும் என்றார். லாபம் பார்த்தே வளர்ந்தவர் லாபத்துக்கு ஓர் எல்லை போட்டார்.

அதே 1875-இல் இரண்டாவது மனைவி ஃபுளோரன்ஸ் பிரசவத்தில் இறந்தார். முதல் மனைவி ஹாரியட்டும் 1863-இல் அப்படித்தான் போனார். மேயர் பதவியை விட்டுவிட நினைத்தார், விடவில்லை.

சேரிகளை இடித்து கார்ப்பரேஷன் தெருவை அமைத்ததை அவ்வளவு மனமாரப் பாராட்ட முடியாது. அகன்ற சாலையும் அழகான கடைகளும் வந்தன. இடம் இழந்த தொழிலாளர் குடும்பங்களுக்கு மாற்று வீடு கட்டும் வேலை அநேகமாக நடக்கவே இல்லை.

1876-இல் நாடாளுமன்றம், 1880-இல் அமைச்சர் பதவி, 1886-இல் அயர்லாந்துத் தன்னாட்சிப் பிரச்சினையில் பிரதமர் கிளாட்ஸ்டனோடு முறிவு. 1895-இல் குடியேற்ற நாடுகளின் அமைச்சகத்தைத் தாமே கேட்டு வாங்கிக்கொண்டார். இந்தியாவுக்குத் தனி அமைச்சகம் இருந்தது. இலங்கை இவருடைய பொறுப்பில் வந்தது. தென்னாப்பிரிக்காவில் டச்சு வழிவந்த குடியேறிகளான போயர்களோடு 1899-இல் தொடங்கிய போயர் போரைப் பலரும் இவர் பெயராலேயே அழைத்தார்கள். பிடிபட்ட போயர்கள் ஆயிரக்கணக்கில் கப்பலேற்றப்பட்டு இலங்கையின் தியத்தலாவையில் அடைக்கப்பட்டார்கள். தென்னாப்பிரிக்காவில் பிரிட்டிஷ் ராணுவம் அமைத்த தடுப்பு முகாம்களில் 20,000-க்கும் மேற்பட்ட போயர் பெண்களும் குழந்தைகளும் நோயிலும் பட்டினியிலும் இறந்தார்கள். ஆப்பிரிக்கர்களுக்குத் தனி முகாம்கள். அங்கும் பல்லாயிரம் சாவு. பர்மிங்காமின் காய்ச்சல் தெருக்களைக் கண்டு பதறியவர் இந்தச் சாவுகளுக்கும் பதில் சொல்லியாக வேண்டும்.

1903-இல் பதவியை உதறிவிட்டு, சுதந்திர வணிகக் கொள்கையையே எதிர்த்துக் கிளம்பினார். அந்தச் சுங்கவரிப் போராட்டம் அடுத்த வாரம்.