மகளுக்கு ஏற்ற கலாசாலை: யாழ்ப்பாணத்து மகளிர் கல்வி வரலாற்றில் ஒரு நோக்கு

மக்களைக் கற்றோராக்குதல் பெற்றோரின் தலையாய கடன் என்பது தமிழ் மக்களின் நெடுநாளைக் கொள்கை. ஆயின், மக்கள் என்னுஞ் சொல் நடைமுறையிலே நெடுங்காலம் ஆண்மக்களையே குறித்து நின்றது. சங்க காலத்திலே ஔவையார், காக்கைபாடினியார் நச்செள்ளையார், வெள்ளிவீதியார் முதலாய பெண்பாற் புலவர் பலர் விளங்கினர். அவர் மரபு இடையறாது தொடர்ந்ததெனக் கூறுதற்கில்லை. பிற்காலத்துத் திண்ணைப் பள்ளிக்கூடங்களிலே ஏடும் எழுத்தாணியும் பெரும்பாலும் ஆண்பிள்ளைகளின் கைக்கே எட்டின.

இன்று யாழ்ப்பாணத்திலே ஐந்தாந் தரத்தை முடிக்கும் ஒரு சிறுமியின் பெற்றோர், அவளை எந்தக் கல்லூரியிற் சேர்ப்பது என்று ஆராய்கின்றனர். வேம்படியா, சுண்டிக்குளியா, இந்து மகளிர் கல்லூரியா, இராமநாதன் கல்லூரியா, உடுவிலா, திருக்குடும்பக் கன்னியர் மடமா என்னும் வினா வீடுதோறும் எழுகின்றது. இவ்வினா இன்று மதிப்பெண் பற்றியதும் பயணத் தூரம் பற்றியதுமாகத் தோன்றும். ஆனால் இதன் வேர் ஏறத்தாழ இருநூறு ஆண்டுகட்கு அப்பாற் செல்கின்றது. ஒவ்வொரு தலைமுறையிலும் வினா ஒன்றுபோலக் காணப்படினும், அதன் உட்பொருள் வேறுபட்டே வந்திருக்கின்றது.

முதற்கண் எழுந்த வினா எந்தக் கலாசாலை என்பதன்று. கலாசாலைக்கு அனுப்புவதா இல்லையா என்பதே. அமெரிக்க மிஷனைச் சேர்ந்த பாதிரிமார் 1816ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்திலே தம் பணியைத் தொடங்கினர். 1823இல் வட்டுக்கோட்டையில் ஆண்களுக்கான செமினரியை நிறுவினர். அடுத்த ஆண்டிலே, 1824இல், உடுவிலிற் பெண்களுக்கான விடுதிப் பாடசாலை தொடங்கப்பெற்றது. அதனைத் தொடங்கியவர் ஹரியற் வின்சிலோ அம்மையார். பின்னாளில் 1862இல் வெளிவந்த பெரிய தமிழ்-ஆங்கில அகராதியாற் புகழ்பெற்ற மைரன் வின்சிலோ பாதிரியாரின் மனைவியார் இவர். ஆசியாவிலே பெண்களுக்கென எழுந்த விடுதிப் பாடசாலைகளுள் இது மிகப் பழையனவற்றுள் ஒன்று என்பது தெளிவு.

மிஷனரிமாரின் நோக்கம் மறைபொருளன்று. வட்டுக்கோட்டையிற் கற்றுக் கிறித்தவராகும் இளைஞருக்கு, அவர்போற் கற்ற கிறித்தவ மனைவியர் வேண்டியிருந்தனர். தாய் மாறினாலன்றிக் குடும்பம் மாறாது என்பதை அவர்கள் நன்குணர்ந்திருந்தனர். பெற்றோரின் தயக்கமும் எளிதில் விளங்கத்தக்கதே. எழுத்தறிந்த பெண்ணுக்கு அக்காலச் சமுதாயத்தில் இடம் வகுக்கப்படவில்லை. வீடு விட்டுப் பிறர் மனையிலே தங்கி, பிறர் சமைத்த உணவை உண்ணும் பெண்ணை யார் மணப்பர் என்ற அச்சமோ பெரிது. ஆகவே தொடக்கத்திலே கல்வி, உணவு, உடை யாவும் இலவசமாக வழங்கப்பட்டன. படிப்பை முடித்து மணம் புரியும் மாணவிக்குச் சிறு தொகையொன்று சீதனமாக அளிக்கும் வழக்கமும் இருந்தது. பெண்ணின் சீதனம் பெண்ணுக்கே உரியது என்னுந் தேசவழமை நிலவிய நாட்டிலே, இவ்வழக்கம் ஏழைப் பெற்றோரின் நெஞ்சிலே எத்துணைப் பொருள் பெற்றிருக்கும் என்பதை எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

ஹரியற் அம்மையார் 1833இற் காலமானார். 1840இல் அமெரிக்காவிலிருந்து வந்த எலைசா அக்னியூ அம்மையார் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் உடுவிற் பாடசாலையை நடத்தினார். மணஞ் செய்யாது வாழ்ந்த இவர் ஒருமுறையேனுந் தாய்நாடு திரும்பாமலே 1883இல் யாழ்ப்பாண மண்ணில் மறைந்தார். ஆயிரம் புதல்வியரின் அன்னை என்று இவரைப் போற்றுவர். இவர் காலத்திலே ஒரு பெருமாற்றம் நிகழ்ந்தது. தாய் கற்ற பாடசாலைக்கு மகளும், மகள் கற்ற பாடசாலைக்குப் பேர்த்தியும் வரலாயினர். முன்பு பெண்ணை அனுப்புமாறு பெற்றோரை வேண்டிநின்ற பாடசாலைக்கு, காலப்போக்கிலே பெற்றோரே கட்டணஞ் செலுத்திப் பெண்ணை அனுப்பினர். கற்ற பெண் மணச்சந்தையில் இழிந்தவளல்லள், உயர்ந்தவள் என்னும் எண்ணம் வேரூன்றியமைக்கு இதனினுஞ் சிறந்த சான்று வேண்டா.

இதற்கிடையே நகரத்திலும் பாடசாலைகள் எழுந்தன. வெஸ்லியன் மிஷனார் 1830களிலே தொடங்கிய முயற்சியின் பயனாக வேம்படி மகளிர் பாடசாலை உருவாயிற்று. 1862இல் யாழ்ப்பாணம் வந்த திருக்குடும்பக் கன்னியர் கத்தோலிக்கப் பெண்களின் கல்வியைத் தம் பொறுப்பில் ஏற்றனர். 1896இலே சேர்ச் மிஷனைச் சேர்ந்த மேரி கார்ட்டர் அம்மையார் சுண்டிக்குளிப் பாடசாலையைத் தொடங்கினார். பத்தொன்பதாம் நூற்றாண்டு முடிவதற்குள் மகளைக் கற்பிக்க விரும்பிய பெற்றோர்முன் நான்கு வாயில்கள் திறந்திருந்தன. ஆனால் நான்கும் கிறித்தவ வாயில்களே.

இங்கேதான் சைவப் பெற்றோரின் இடர்ப்பாடு முழுவுருப் பெறுகின்றது. உடுவிலின் முற்பகுதி வரலாற்றிலே முழுப்படிப்பையும் முடித்து வெளியேறிய மாணவியருட் பெரும்பாலார் கிறித்தவராயினர். ஆகவே மகளுக்குக் கல்வி வேண்டுமெனின் அவளது சமயத்தைப் பணயம் வைத்தல் வேண்டும். சமயத்தைக் காக்க வேண்டுமெனின் அவளை எழுத்தறியாதவளாக வீட்டிலே வைத்தல் வேண்டும். இவ்விரண்டுள் ஒன்றைத் தெரிந்தெடுத்தல் எளிய செயலன்று. எதனைத் தெரிந்தாலும் பெற்றோர் ஒன்றை இழந்தனர். அவ்விழப்பின் சுமையைச் சுமந்தவளோ மகள்.

ஆறுமுக நாவலர் இவ்விடரை ஆண்மக்கள் கல்வியிலே முன்னரே கண்டறிந்தார். அவர் பீற்றர் பேர்சிவல் பாதிரியாரின் பாடசாலையிலே கற்றுக் கற்பித்தவர். மிஷன் கல்வியின் வலிமையையும் முறையையும் உள்ளிருந்தே அறிந்தவர். 1848இல் வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவி, அம்முறையையே சைவத்திற்குப் பயன்படுத்தினார். அவர் 1879இல் மறைந்தபின், 1888இலே தோன்றிய சைவபரிபாலன சபையாரும், இந்துக் கல்லூரியை வளர்த்த பெரியோரும் அவர் வழியைத் தொடர்ந்தனர். எனினும் இம்முயற்சிகளின் முதற் கவனம் ஆண்மக்கள் கல்வியிலேயே நின்றது. இது குறையெனினும், காரணமற்ற குறையன்று. ஆங்கிலங் கற்ற ஆண்மகனுக்கு அரசாங்க உத்தியோகம் காத்திருந்தது. மகளின் கல்விக்கு அத்தகைய உடனடிப் பயன் எதுவும் புலப்படவில்லை.

அந்நிலை மெல்ல மாறியதற்கும் காரணங்கள் உள. கொழும்பு மருத்துவக் கல்லூரி 1892இலே பெண்களுக்கு இடமளித்தது. 1898இலே இணுவிலில் மக்லியொட் மருத்துவமனை பெண்களுக்கும் பிள்ளைகளுக்குமென எழுந்தது. தாதியர் தொழில் யாழ்ப்பாணத்துப் பெண்ணுக்கு அயலிலேயே அறிமுகமாயிற்று. பாடசாலைகள் பெருகப் பெருக ஆசிரியைமாருக்குத் தேவை மிகுந்தது. மலாயாவிலே புகையிரதப் பகுதியிலும் பிற அலுவலகங்களிலும் பணிபுரியச் சென்ற யாழ்ப்பாணத்து இளைஞர், கடிதம் எழுதவும் கணக்குப் பார்க்கவும் வல்ல மனைவியரை விரும்பினர். கல்வி பெண்ணுக்கு அணிகலன் என்ற நிலையிலிருந்து, வாழ்க்கைக்குக் கருவி என்ற நிலைக்கு நகர்ந்தது.

இத்தகைய வேளையிலே, 1913ஆம் ஆண்டில், சேர் பொன்னம்பலம் இராமநாதன் மருதனார்மடத்திலே சைவ மகளிருக்கென இராமநாதன் கல்லூரியை நிறுவினார். உடுவிற் பாடசாலை தோன்றி எண்பத்தொன்பது ஆண்டுகள் கழிந்திருந்தன. அக்கல்லூரியின் அமைவிடமே பொருள் பொதிந்தது; அது உடுவிலின் அயலிலேயே எழுந்தது. மிஷன் பாடசாலையின் வலிமை விடுதி வாழ்க்கையிலே தங்கியிருந்ததை இராமநாதன் உணர்ந்திருந்தார். ஆகவே அவரும் விடுதியையே தம் கல்லூரியின் நடுநாடியாக்கினார். காலை மாலை வழிபாடு, சைவ உணவு, தமிழ்க் கல்வி, இசை ஆகியவற்றோடு ஆங்கிலக் கல்வியும் அங்கு இடம்பெற்றது.

அக்கல்லூரியின் முதல் அதிபராக அழைக்கப்பட்டவர் புளோரன்ஸ் பார் அம்மையார் என்பது பலர் அறியாத செய்தி. இலண்டன் நாடக மேடையிலே பெயர்பெற்றவரும், கவிஞர் யேற்ஸ், நாடகாசிரியர் பேர்னாட் ஷா ஆகியோரின் நட்பிற் பழகியவருமான இவர் 1912இல் இலங்கை வந்து, 1917இலே கொழும்பிற் காலமானார். பின்னர், அவுஸ்திரேலியாவிற் பிறந்த இராமநாதனின் துணைவியார் லீலாவதி அம்மையார் அக்கல்லூரியின் வளர்ச்சிக்குத் தம்மை ஒப்புவித்தார். சைவப் பெண்களின் சமயத்தைக் காத்தற்கெழுந்த கல்லூரியை வளர்த்தோர் மேனாட்டில் வளர்ந்த மங்கையராயினமை முரண்போலத் தோன்றும். அதிபர் பதவிக்கு வேண்டிய உயர்கல்வி பெற்ற சைவ மகளிர் அக்காலத்தில் அரியராயிருந்தமையே இதற்குக் காரணம். எண்பத்தொன்பது ஆண்டுத் தாமதத்தின் விலை அதுவே. 1930இல் மறைந்த இராமநாதனின் சமாதி அக்கல்லூரி வளவிலேயே அமைந்துள்ளது.

இராமநாதன் கல்லூரியின் தோற்றத்தால் வினாவின் வடிவம் மாறியது. கல்வியா சமயமா என்ற பழைய பொறி அவிழ்ந்தது. 1920ஆம் ஆண்டின் கல்விச் சட்டம், பெற்றோர் விரும்பாவிடத்துப் பிள்ளையைப் பிற சமயபாடத்தினின்று விலக்கிவைக்கும் உரிமையை ஏற்றது. 1923இல் எழுந்த சைவ வித்தியா விருத்திச் சங்கம் சு. இராசரத்தினம் அவர்களின் உழைப்பினாற் கிராமங்கள்தோறுஞ் சைவப் பாடசாலைகளை நிறுவியது. கொழும்பிலே 1930களில் வெள்ளவத்தையிற் சைவ மங்கையர் வித்தியாலயம் தோன்றியது. 1943இல் யாழ்ப்பாண நகரத்திலே இந்து மகளிர் கல்லூரி தோன்றியபோது, நாள்தோறும் வீட்டிலிருந்தே சென்று கற்க விரும்பிய நகர்ப்புறத்துச் சைவப் பெண்ணுக்கும் வழி பிறந்தது.

ஆயினும் சைவக் கல்லூரிகள் எழுந்தபின்னுஞ் சைவப் பெற்றோர் பலர் வேம்படிக்கும் சுண்டிக்குளிக்குந் தம் பெண்களை அனுப்பியே வந்தனர். இதனைச் சமயப் பற்றின்மை எனக் கொள்ளுதல் பொருந்தாது. தேர்வுகளும் விஞ்ஞான பாடங்களும் தெரிவை ஆளத்தொடங்கிய காலம் அது. 1921இற் பல்கலைக்கழகக் கல்லூரியும் 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகமும் அமைந்தபின், மகளைப் பட்டதாரியாக்க விரும்பிய தந்தை, கோயில் மணியோசையோடு ஆய்கூடத்தையும் எண்ணிப் பார்த்தார். கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் விலங்கியலிற் கலாநிதிப் பட்டம் பெற்ற எவஞ்சலின் தில்லையம்பலம் அம்மையார் சுண்டிக்குளியின் அதிபராக அமர்ந்தமை, தமிழ்ப் பெண்ணொருத்தி எட்டக்கூடிய உயரத்தை மாணவியர் கண்முன்னே நிறுத்தியது. முன்னோர் அஞ்சியது போல இத்தலைமுறைப் பெண்கள் சமயத்தை இழக்கவுமில்லை. இல்லத்திலே விளக்கேற்றி வழிபட்டுப் பாடசாலையிலே பிற சமயத்தாரோடு இருந்து கற்கும் ஆற்றல் அவர்கட்கு வாய்த்தது. மிஷன் பாடசாலைகளும், சைவக் கல்லூரிகள் அயலில் எழுந்தபின், மாணவியரின் சமயவுணர்ச்சியை மதிக்கக் கற்றுக்கொண்டன. போட்டியினால் விளைந்த நன்மை இரு சாராருக்கும் உரியதாயிற்று.

1945இலே சீ. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் முயற்சியால் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. 1960ஆம் 1961ஆம் ஆண்டுகளின் சட்டங்களால் உதவி பெறும் பாடசாலைகள் அரசின் கைக்கு மாறின. வேம்படியும் இராமநாதன் கல்லூரியும் இந்து மகளிர் கல்லூரியும் அரசினர் பாடசாலைகளாயின. உடுவிலும் சுண்டிக்குளியும் தனியார் பாடசாலைகளாக நின்றன. சமயத்தால் வகுக்கப்பட்டிருந்த எல்லைகள் தேய்ந்தன. புதிய எல்லையொன்று தோன்றியது. அதுவே ஐந்தாந் தரப் புலமைப்பரிசில் தேர்வின் வெட்டுப்புள்ளி. பெற்றோர் கலாசாலையைத் தெரிந்த காலம் மாறி, கலாசாலை மாணவியைத் தெரியுங் காலம் வந்தது. பத்து வயதுச் சிறுமி ஒரு நாட் காலையில் எழுதும் விடைத்தாளே அவள் செல்லும் வாயிலைக் குறிப்பதாயிற்று.

1995ஆம் ஆண்டின் இறுதியிலே யாழ்ப்பாண நகரமே இடம்பெயர்ந்தபோது, எல்லாக் கல்லூரி மாணவியரும் ஒரே வீதியில் நடந்தனர். மரநிழல்களிலுங் கொட்டில்களிலும் வகுப்புக்கள் நடந்த அந்நாட்களிலே எந்தக் கல்லூரி உயர்ந்தது என்ற வினாவுக்கு இடமிருக்கவில்லை. கல்வி தொடருமா என்ற ஒரு வினாவே எஞ்சியிருந்தது. 1824இல் எழுந்த முதல் வினாவுக்கு அது மிக அணுக்கமானது.

தொகுத்து நோக்குமிடத்து நான்கு வினாக்கள் வரிசையாக நிற்கின்றன. பெண்ணைக் கற்பிப்பதா என்பது முதலாவது. யார் சமயத்திற் கற்பிப்பது என்பது இரண்டாவது. எத்தொழிலுக்கென, எப்பாடத்திற் கற்பிப்பது என்பது மூன்றாவது. எத்தனை மதிப்பெண் பெற்றாள் என்பது நான்காவது. முதல் மூன்று வினாக்களுக்கும் விடை காணப் பெற்றோர் தம் நம்பிக்கையையும் ஊரார் சொல்லையுஞ் சீர்தூக்கிப் பார்த்தனர். தவறினும் சிந்தித்தே தவறினர். நான்காவது வினாவோ சிந்தனைக்கு இடமளியாமல் விடையளிக்கின்றது. அதுவே அதன் வசதியும் அதன் குறையுமாம்.

இந்நெடு வரலாற்றிலே மிஷனரிமாரின் குரலும் தந்தையரின் குரலும் புரவலரின் குரலும் தெளிவாகக் கேட்கின்றன. மகளின் குரலோ அரிதாகவே கேட்கின்றது. அவள் எங்கே கற்க விரும்பினாள், எதனைக் கற்க விரும்பினாள் என்பதை அவளிடமே வினாவுதல் ஐந்தாவது வினாவாகும். இருநூறு ஆண்டுகளாகக் கல்லூரிகளைக் கட்டியெழுப்பிய சமுதாயத்திற்கு அவ்வினாவைக் கேட்குந் தகுதி இன்று உண்டு.