குடிக்கூலியில் வளர்ந்த கோடம்பாக்கம்



ஓர் ஊரின் வரலாற்றை எழுதப் புகுவோர் அரண்மனையையும் கோட்டையையும் வழிபாட்டுத் தலங்களையும் முதலில் தேடுவது வழக்கம். கோடம்பாக்கத்தைப் பற்றி எழுதுவோரோ படப்பிடிப்பு நிலையங்களில் தொடங்கி அவற்றிலேயே முடித்துவிடுகின்றனர். ஆயின் இவ்வூரை ஊராக்கியவர்கள் வேறு சிலர். மாதத்தின் முதல் வாரத்தில் வீட்டுக்காரரிடம் வாடகையை எண்ணிக் கொடுத்துவிட்டு, காலையில் மின்சார ரயிலேறி அலுவலுக்குச் சென்று, மாலையில் அதே ரயிலில் திரும்பிய ஆயிரக்கணக்கான குடும்பத்தினரே அவர்கள். எந்த மஹல்லாவின் சந்தாப் பதிவேட்டைப் புரட்டினாலும் அடித்துத் திருத்தப்பட்ட கதவிலக்கங்களைக் காணலாம். அந்த அடித்தல்களுக்குப் பின்னே ஒரு நீண்ட வரலாறு உண்டு. அதனைச் சுருக்கமாக எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பெயரும் பழைய நிலமும்

கோடம்பாக்கம் என்னும் பெயர் ஆற்காட்டு நவாபின் குதிரைத் தோட்டத்தைக் குறிக்கும் ‘கோடா பாக்’ என்னும் உருதுச் சொல்லின் திரிபு என்பது நம்மிடையே பெருமையுடன் சொல்லப்படும் செய்தி. நவாப் முஹம்மது அலி வாலாஜா சேப்பாக்கத்தில் 1768 இல் அரண்மனை எழுப்பி இந்நகரில் வாழ்ந்தவர் என்பதும், இவ்வூர் வழியாகச் செல்லும் சாலை இன்றும் ஆற்காடு சாலை என வழங்குவதும் அச்செய்திக்குத் துணை நிற்கின்றன. எனினும் ‘பாக்கம்’ என்னும் ஈறு தொண்டை நாட்டு ஊர்ப்பெயர்களில் நவாபுகளுக்கு நெடுங்காலம் முன்பே வழங்கியதாகும். நுங்கம்பாக்கமும் சேப்பாக்கமும் அவ்வகையினவே. ஆகவே குதிரைத் தோட்டக் கதையைச் செவிவழிச் செய்தி என்ற அளவில் கொள்வதே பொருத்தமுடையது.

சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் இப்பகுதி செங்கற்பட்டு மாவட்டத்தைச் சார்ந்த சிற்றூராகவே இருந்தது. வயலும் தோப்பும் நிறைந்த இந்நிலத்திற்கும் நகருக்கும் இடையே, நுங்கம்பாக்கத்திலிருந்து மாம்பலம் வரை நீண்டு கிடந்த பேரேரி ஒன்று இருந்தது. 1920 களில் அவ்வேரியின் பெரும்பகுதியை வற்றச் செய்தே மாம்பலம் நகரமைப்புத் திட்டம் நிறைவேற்றப்பட்டது. நீதிக்கட்சித் தலைவர் பிட்டி தியாகராயரின் பெயர் தாங்கிய தியாகராய நகர் உருவாயிற்று. மேற்கு மாம்பலத்தின் ஏரிக்கரைச் சாலையும் நுங்கம்பாக்கத்தின் ‘லேக் ஏரியா’வும் அந்நீர்நிலையின் நினைவைப் பெயரளவில் சுமந்து நிற்கின்றன. பெருமழைக் காலங்களில் இப்பகுதித் தெருக்களில் முழங்காலளவு நீர் தேங்கும்போது, பழைய ஏரி தன் இடத்தை நினைவூட்டுவதாகவே கொள்ள வேண்டும்.

மின்சார ரயிலின் வருகை

இவ்வூரின் வாழ்வை மாற்றிய நிகழ்ச்சி 1931 இல் நடந்தது. தென்னிந்திய ரயில்வே நிறுவனம் சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்திற்கும் இடையே மீட்டர் கேஜ் பாதையில் மின்சார ரயிலை இயக்கத் தொடங்கியது அவ்வாண்டில்தான். 1925 இல் மின்சார ரயிலைக் கண்ட பம்பாய்க்கு அடுத்து இவ்வசதியைப் பெற்ற நகரம் சென்னையே. கடற்கரையை விட்டுப் புறப்பட்டால் கோட்டை, பூங்கா, எழும்பூர், சேத்துப்பட்டு, நுங்கம்பாக்கம் ஆகியவற்றை அடுத்து ஆறாவது நிறுத்தமாக அமைவது கோடம்பாக்கம்.

அதன் பொருள் யாது? ஜார்ஜ் டவுனின் வணிக நிலையங்களிலும், கோட்டையின் தலைமைச் செயலகத்திலும், உயர் நீதிமன்றத்திலும், துறைமுகத்திலும் பணியாற்றிய எழுத்தர்களும் கணக்கர்களும் பணியிடத்தை ஒட்டிய நெரிசலான தெருக்களிலேயே வாழ வேண்டும் என்ற கட்டாயம் நீங்கிற்று. மாதச் சீசன் சீட்டு ஒன்று சட்டைப்பையில் இருந்தால், வாடகை குறைந்ததும் காற்றோட்டம் உள்ளதுமான புறநகரில் குடியிருந்துகொண்டு உரிய நேரத்தில் அலுவலகத்தை அடைய முடிந்தது. ஏறத்தாழ அதே காலத்தில் இலண்டன் மாநகரின் ரயில் நிறுவனம் ஒன்று தன் பாதையோரத்தில் தானே வீட்டுமனைகளை விற்றுப் புறநகர்களை உருவாக்கியது. இங்கு ரயில் நிறுவனம் மனை விற்கவில்லை. தோப்புக்கும் வயலுக்கும் உரியவர்களும் வீட்டுமனைச் சங்கங்களும் அரசும் அவ்வேலையைப் பிற்காலத்தில் செய்தனர்.

1946 இல் சென்னை மாநகராட்சியின் எல்லை விரிந்தபோது கோடம்பாக்கமும் நகரின் பகுதியாயிற்று. டிரஸ்ட்புரம், ரங்கராஜபுரம், யுனைடெட் இந்தியா காலனி, சக்கரியா காலனி என ஒவ்வொன்றாகக் குடியிருப்புகள் எழுந்தன. பின்னர்த் தெற்கிலும் மேற்கிலும் வீட்டு வசதி வாரியம் அமைத்த அசோக் நகரும் கலைஞர் கருணாநிதி நகரும் இவ்வூரின் எல்லையைத் தொட்டு நின்றன.

கலைத்தொழிலாளரும் ரயில்வே கேட்டும்

1948 இல் ஏ.வி. மெய்யப்பன் அவர்கள் தம் படப்பிடிப்பு நிலையத்தைக் காரைக்குடிப் பகுதியிலிருந்து இங்கே கொணர்ந்தார். வாகினி ஸ்டூடியோவும் அக்காலத்திலேயே வடபழனியில் எழுந்தது. தமிழ்ப் படங்களோடு தெலுங்கு, கன்னட, மலையாளப் படங்களும் இங்கேயே உருவாயின. நட்சத்திரங்களின் பெயரை உலகறியும். அவர்களுக்கு விளக்குப் பிடித்தோர், அரங்கம் அமைத்த தச்சர், உடை தைத்தோர், ஒப்பனை செய்தோர், இசைக்கருவி வாசித்தோர், சண்டைக்காட்சியில் உயிரைப் பணயம் வைத்தோர் என எண்ணற்ற குடும்பங்கள் இவ்வூரின் சந்துகளில் வாடகைக்கு அமர்ந்தன. நான்கு மொழி பேசும் மக்கள் ஒரே கிணற்றில் நீர் இறைத்த ஊர் இது எனில் மிகையன்று.

ஆற்காடு சாலையும் ரயில் பாதையும் சந்திக்கும் இடத்தில் அந்நாளில் ரயில்வே கேட் இருந்தது. கேட் மூடப்பட்டதும் நிற்கும் கார்களில் நடிகர் நடிகையரைக் காண மக்கள் கூடுவர் என்பது முதியோர் பலரும் சொல்லும் செய்தி. 1965 இல் மேம்பாலம் திறக்கப்பட்ட பின் அக்காத்திருப்பு ஒழிந்தது. பாதையின் இரு புறமும் ஒரே ஊராயின. மேற்குப் பகுதியின் வாடகையும் உயர்ந்தது.

அக்கால வாடகை வீடுகளை இளைய தலைமுறையினர் அறிந்திருக்க வாய்ப்பில்லை. நடுவில் முற்றமும் பொதுக் கிணறும், சுற்றிலும் ஒன்றிரண்டு அறைகளில் தனித்தனிக் குடும்பமுமாக அமைந்த வீட்டிற்கு ‘ஸ்டோர்’ என்று பெயர். ஒரே வீட்டைப் பலர் பங்கிட்டு வாழ்வது ஒண்டுக்குடித்தனம். மாடியிலோ பின்கட்டிலோ ஒதுக்கித் தரப்படுவது ‘போர்ஷன்’. குழாயடி முறை, மின்விளக்கை அணைக்கும் நேரம், விருந்தினர் தங்கும் நாட்கள் என அனைத்திற்கும் வீட்டுக்காரரின் விதிகள் இருந்தன. அதே முற்றத்தில்தான் பெருநாள் பிரியாணியும் தீபாவளிப் பலகாரமும் வீடு மாறிச் சென்றன.

சட்டம் நுழைந்த கதை

வீட்டுக்காரருக்கும் குடித்தனக்காரருக்கும் இடையே அரசு நுழைந்தது இரண்டாம் உலகப்போரின் போதாகும். போர்க்காலத்தில் நகரில் வீட்டுத் தட்டுப்பாடு மிகுந்தமையால் 1941 இல் வாடகைக் கட்டுப்பாட்டு ஆணை பிறப்பிக்கப்பட்டது. 1942 ஏப்ரலில் ஜப்பானியர் தாக்குவர் என்ற அச்சத்தால் மக்கள் கூட்டங்கூட்டமாக நகரை விட்டகன்றனர். வீடுகள் பூட்டிக் கிடந்தன. அச்சம் நீங்கி அவர்கள் திரும்பியபோது நெருக்கடியும் திரும்பிற்று. போர்க்கால ஆணை 1946 இலும் 1949 இலும் சட்டமாகி, இறுதியில் 1960 ஆம் ஆண்டின் கட்டடக் குத்தகை, வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டமாக நிலைபெற்றது.

அச்சட்டம் குடியிருப்போருக்குப் பெரும் அரணாக விளங்கியது. வாடகை செலுத்தத் தவறுதல், அனுமதியின்றி உள்வாடகைக்கு விடுதல், உரிமையாளரின் சொந்தத் தேவை போன்ற குறிப்பிட்ட காரணங்களுக்காக அன்றி எவரையும் வெளியேற்ற இயலாது. நியாய வாடகையை நிர்ணயிக்கக் கட்டுப்பாட்டு அதிகாரி இருந்தார். ஒரு மாத வாடகைக்கு மேல் முன்பணம் பெறலாகாது என்றும் அது விதித்தது. ஆயின் நடைமுறை வேறாக இருந்தது. சென்னையில் வீடு தேடிய எவரும் பத்து மாத வாடகையை அட்வான்சாகக் கொடுத்தே சாவியைப் பெற்றனர். ரசீது கேட்போருக்கு வீடு கிடைப்பது அரிதாயிற்று.

மாத வாடகை 400 ரூபாய்க்கு மேற்பட்ட குடியிருப்புகளுக்கு இச்சட்டத்தின் பாதுகாப்பு இல்லை என்றிருந்த பிரிவை உச்ச நீதிமன்றம் 1986 இல் செல்லாதென அறிவித்தது. மறுபுறம், வாடகை உயராத வீட்டைப் பழுதுபார்க்க உரிமையாளர் முன்வரவில்லை என்பதும் உண்மை. சுவர் இடிந்தாலும் குடித்தனக்காரர் நகரார். கூரை ஒழுகினாலும் வீட்டுக்காரர் பாரார் என்ற நிலையில் பல வழக்குகள் ஒரு தலைமுறைக்கு நீண்டன.

நம் போன்ற ஜமாஅத்தார் கருதத்தக்க செய்தி ஒன்றும் இங்குண்டு. பள்ளிவாசல்கள், கோயில்கள், தேவாலயங்கள், பொது அறக்கட்டளைகள் ஆகியவற்றின் கட்டடங்களுக்கு அரசு 1976 இல் அச்சட்டத்திலிருந்து விலக்களித்தது. உச்ச நீதிமன்றமும் 1985 இல் அவ்விலக்கை ஏற்றது. அறநிலையங்களின் கடைகளும் வீடுகளும் மிகக் குறைந்த வாடகையில் முடங்கிக் கிடந்தமையே அதற்குக் காரணம். சட்டத்தின் கட்டுப்பாட்டிலிருந்து விலக்குப் பெறுவது வேறு, நீதியிலிருந்து விலக்குப் பெறுவது வேறு. வக்ஃபு வருவாயைக் காப்பதும், அதில் குடியிருக்கும் ஏழையைக் கலங்கச் செய்யாதிருப்பதும் ஆகிய இரண்டும் நிர்வாகிகளின் பொறுப்பேயாகும்.

புதிய சட்டமும் பழைய நம்பிக்கையும்

அரைநூற்றாண்டுக்கு மேல் நடைமுறையில் இருந்த அச்சட்டம் நீங்கி, 2017 இல் இயற்றப்பட்ட புதிய சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்தது. இதன்படி வாடகை ஒப்பந்தம் எழுத்து வடிவில் இருத்தல் வேண்டும். அதனை 90 நாட்களுக்குள் வாடகை அதிகார அமைப்பில் பதிவு செய்தல் வேண்டும். வேறுவிதமாக உடன்பட்டாலன்றி, குடியிருப்புக்கு மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் பெறலாகாது. குடியிருப்பவரை வெளியேற்றும் பொருட்டுக் குடிநீரையோ மின்சாரத்தையோ துண்டிப்பதும் தடுக்கப்பட்டுள்ளது.

இதில் பலரும் கவனியாத ஓர் இடர் உண்டு. எழுத்து ஒப்பந்தம் ஏற்படாமையே குடியிருப்பவரை வெளியேற்றுவதற்கான காரணங்களுள் ஒன்றாக இச்சட்டத்தில் இடம்பெற்றுள்ளது. தந்தை காலத்தில் வாய்மொழியாகப் பேசி அமர்ந்து, முப்பது நாற்பது ஆண்டுகள் தவறாது வாடகை செலுத்திய குடும்பம், கையில் ஒரு காகிதமும் இன்றி வழக்கு மன்றத்தில் நிற்க நேரலாம். வீட்டுக்காரப் பெரியவர் வாழ்ந்தவரை அவர் சொல்லே பத்திரமாக இருந்தது. அவர் மறைந்த பின் பிள்ளைகள் மனையைக் கட்டுநருக்குத் தர முற்படும்போது அச்சொல்லுக்குச் சாட்சி இல்லை. பழைய படப்பிடிப்புத் தளங்களே மருத்துவமனையாகவும் வணிக வளாகமாகவும் மாறிவிட்ட இவ்வூரில், 2015 முதல் வடபழனி வரை மெட்ரோ ரயிலும் வந்துவிட்ட நிலையில், மனையின் மதிப்பு எவரையும் சபலப்படுத்தக் கூடியதே. கொடுக்கல் வாங்கலைச் சாட்சியுடன் எழுதிக்கொள்ளுமாறு நம் மார்க்கம் கற்பித்திருப்பதன் அருமை இத்தகைய வேளைகளில் நன்கு விளங்கும்.

சட்டம் தொடாத இடம் ஒன்றும் எஞ்சியுள்ளது. வீட்டை யாருக்குக் கொடுப்பது என்பது உரிமையாளரின் விருப்பம். பழைய சட்டத்தில் காலி வீட்டை அரசுக்குத் தெரிவிக்கும் கடமையும், அரசு அதனைத் தன் ஊழியருக்கு ஒதுக்கும் உரிமையும் இருந்தன. புதிய சட்டத்தில் அம்முறை இல்லை. மதம், உணவு, தொழில், மணமாகாமை ஆகியவற்றைக் காட்டி வீடு மறுப்பதைத் தடுக்கும் விதி எதுவும் அதில் இல்லை. பெயரைச் சொன்ன மாத்திரத்தில் ‘வீடு முடிந்துவிட்டது’ என்ற மறுமொழி கேட்டவர்கள் நம்மிடையே பலர். சினிமாக்காரருக்கு வீடில்லை என்று சினிமாவால் வளர்ந்த ஊரிலேயே சொல்லப்பட்டதும் உண்டு. அவ்வலியை அறிந்த நாம், நமக்குச் சொந்த வீடு வாய்க்கும்போது பிறருக்கு அதே மறுமொழியைச் சொல்லாதிருத்தல் வேண்டும்.

நாம் செய்யத்தக்கவை

ஜமாஅத் பெருமக்களுக்கு நாம் முன்வைக்கும் வேண்டுகோள்கள் சிலவே. வாடகைக்கு இருப்போர், எத்தனை ஆண்டுப் பழக்கமாயினும், ஒப்பந்தத்தை எழுதிப் பதிவு செய்துகொள்க. வாடகையை வங்கி வழியாகச் செலுத்துக. ரொக்கமாயின் ரசீது பெறுக. முன்பணத் தொகையையும் அது திரும்பத் தரப்படும் முறையையும் ஒப்பந்தத்திலேயே குறித்துக்கொள்க. வீட்டு உரிமையாளர்களாக உள்ளோர், எழுதித் தருவதைத் தம் உரிமைக்கு வந்த குறைவாக எண்ணற்க. அது அவர்களையும் காக்கும். முதியோரும் கைம்பெண்களும் இவ்வேலைக்கு அலைய இயலாதாதலின், படித்த இளைஞர்கள் அவர்கள் இல்லம் சென்று பத்திரங்களை ஒழுங்குசெய்து தருவது பெரும் தொண்டாக அமையும்.

இறுதியாக ஒன்று. வாடகைக் குடும்பம் என்றாவது ஒரு நாள் போய்விடும் என்று கருதி அவர்களை ஊரின் கணக்கில் சேர்க்காது விடுவது பல இடங்களில் காணப்படும் மனப்பான்மை. கோடம்பாக்கத்தின் வரலாறு அதற்கு மாறாகவே சான்று பகர்கிறது. 1931 இன் ரயில் கொணர்ந்தவர்களும் 1948 இன் ஸ்டூடியோக்கள் கொணர்ந்தவர்களும் வாடகைக்கு வந்தவர்களே. அவர்களின் வழிவந்தோரே இன்று பலரும் ‘பழைய குடும்பத்தினர்’ என மதிக்கப்படுகின்றனர். நேற்று மாலை சாமான்களுடன் வந்திறங்கிய குடும்பத்தையும் இன்றே சென்று கண்டு, நலம் விசாரித்து, பதிவேட்டில் பெயரைச் சேர்த்துக்கொள்வோமாக.