அச்சார ஷில்லிங்கு

19ஆம் நூற்றாண்டிலே, வட இங்கிலாந்தில் நவம்பர் மாதந்தோறும் வேலையாட்களை அமர்த்தும் சந்தைகள் கூடின. பேச்சு முடிந்ததும் பண்ணைக்காரர் வேலையாளின் கையில் ஒரு ஷில்லிங்கை வைப்பார். நம்மவர் கொடுக்கும் அச்சாரம் போன்றதே அது. மனம் மாறியவன் நாணயத்தைத் திருப்பிக் கொடுத்து விலகுவதும் வழக்கில் உண்டு.

சட்டமோ அத்தனை இளகிய நெஞ்சுடையதன்று. எழுத்தில் ஒப்பமிட்டவன் குறித்த நாளில் வேலைக்கு வாராதொழியின், 1823ஆம் ஆண்டுச் சட்டப்படி மூன்று மாதம் வரை கடுங்காவல். அமர்த்திய முதலாளி சொல் தவறினாலோ, அது வெறும் சிவில் வழக்கு, நட்டஈட்டுடன் தீர்ந்தது. அன்றாடக் கூலிக்காரன் வழக்காடப் பொருளுக்கு எங்கே போவான்? 1858 முதல் 1875 வரை ஆண்டுக்குச் சுமார் 10,000 தொழிலாளர் மன்றேற்றப்பட்டனர்.

தொழிற்சங்கங்களின் நெடுங்கிளர்ச்சிக்குப் பின், 1875இல் அச்சிறைத் தண்டனை நீங்கிற்று. எரிவாயு, குடிநீர் வழங்கும் தொழிலாளர் போன்ற சிலரை மட்டும் அது விடவில்லை.