கேரளா போலீஸ் கால்பந்து அணி

கேரளா போலீஸ் கால்பந்து அணி, திருவனந்தபுரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட கேரளக் காவல்துறையின் அணி. 1980-களின் நடுவில் உருவாகி, 1990, 1991 என அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகளில் ஃபெடரேஷன் கோப்பையை வென்றது. வி.பி. சத்யன், ஐ.எம். விஜயன், சி.வி. பாப்பச்சன், யு. ஷரபலி, குரிகேஷ் மாத்யூ, கே.டி. சாக்கோ ஆகியோர் ஏறத்தாழ ஒரே காலத்தில் இந்த அணியின் சட்டையை அணிந்து ஆடினார்கள். ஏட்டளவில் இது தொழில்முறை அணி அன்று. அரசுத் துறையொன்றின் அணி. ஆனால் பந்து ஆடத் தெரிந்ததற்காகவே ஒருவரை வேலைக்கு எடுத்து, மாதாமாதம் சம்பளமும் பதவி உயர்வும் கடைசியில் ஓய்வூதியமும் கொடுத்தால், அதைத் தொழில் என்று சொல்லாமல் வேறு எப்படிச் சொல்வது? கேரளத்தில் முதலாளிகளின் பணத்தில் கிளப்புகள் வருவதற்கு முன்னால் கால்பந்தைப் பிழைப்பாக்கிக்கொள்ள இருந்த வழி இதுதான்.

பின்னணி

கல்கத்தாவில் கால்பந்து கிளப்புகளின் ஆட்டம். மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் ஆகிய பெயர்களுக்குப் பின்னால் லட்சக்கணக்கான ரசிகர்களும் அவர்கள் தரும் டிக்கெட் பணமும் இருந்தன. கேரளத்தில் ரசிகர்களுக்குப் பஞ்சமே இல்லை, கிளப்புகளுக்குத்தான் பஞ்சம். அந்த இடத்தை நிரப்பியவை அலுவலகங்களும் ஆலைகளும். களமசேரியில் பிரீமியர் டயர்ஸ் அணி இருந்தது. திருவனந்தபுரத்தில் ஏஜீஸ் ஆபீஸ், டிராவன்கூர் டைட்டானியம், ஸ்டேட் பாங்க் ஆஃப் டிராவன்கூர், மின்வாரியம் என்று அணிகள் இருந்தன. மாநில அணிகள் மோதும் சந்தோஷ் கோப்பையைக் கேரளம் முதன்முதலாக வென்ற 1973-ஆம் ஆண்டு அணியில் ஆடிய நஜீமுதீன் டைட்டானியத்துக்காரர். பிற்காலத்தில் இந்திய அணிக்கு ஆடிய ஜோ பால் அஞ்சேரி ஸ்டேட் பாங்க் ஆஃப் டிராவன்கூர் அணியிலிருந்து வந்தவர். பையன் நன்றாகப் பந்து ஆடினால் பாங்கில் வேலை கிடைக்கும் என்பது அன்றைய கேரள வீடுகளில் வெறும் ஆசைப் பேச்சாக இருக்கவில்லை.

போலீஸ் சீருடைக்கும் கால்பந்துக்கும் உள்ள உறவு இதைவிடப் பழையது. 1921-இல் தொடங்கப்பட்ட மலபார் ஸ்பெஷல் போலீஸ், அன்றைய சென்னை மாகாணத்தின் படை. மலப்புறத்திலுள்ள அதன் முகாம் மைதானத்தில் பந்து உருளாத காலம் என்று ஒன்று இருந்ததில்லை. தக்காணத்தில் ஹைதராபாத் சிட்டி போலீஸ் அணி, எஸ்.ஏ. ரஹீமின் பயிற்சியில் 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து முறை பம்பாயின் ரோவர்ஸ் கோப்பையை வென்றது. அதே ரஹீம்தான் 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் இந்தியாவை நான்காம் இடத்துக்கும், 1962 ஆசிய விளையாட்டில் தங்கத்துக்கும் அழைத்துச் சென்றவர். எல்லைப் பாதுகாப்புப் படையும் பஞ்சாப் போலீசும் பின்னர் பலமான அணிகளை வைத்திருந்தன. கேரளா போலீஸ் இந்த வரிசையில் தாமதமாக வந்த ஓர் அணி.

இடமும் தயாராகவே இருந்தது. திருவனந்தபுரம் பாளையத்தில் சட்டமன்றக் கட்டடத்துக்கு அருகிலுள்ள சந்திரசேகரன் நாயர் ஸ்டேடியம் 1956 முதல் காவல்துறையின் சொத்து; கேரளக் காவல்துறையின் முதல் தலைவராக இருந்தவரின் பெயரைத் தாங்கியது. விளையாட்டுக்காக இவ்வூர் கடன்பட்டிருக்கும் இன்னொருவர் திருவிதாங்கூர் அரச குடும்பத்தில் மணம் புரிந்த கோதவர்ம ராஜா. ஜி.வி. ராஜா என்று அழைக்கப்பட்ட அவர்தான் இங்கே விளையாட்டுக் கவுன்சிலுக்கு அடித்தளமிட்டவர். 1971-இல் விமான விபத்தில் இறந்த பிறகு அவர் பெயரில் நடந்த கால்பந்துப் போட்டி, பல ஆண்டுகள் நாட்டின் பெரிய அணிகளைத் தலைநகருக்கு வரவழைத்தது. 1986-லும் 1991-லும் நேரு கோப்பை சர்வதேசப் போட்டியும் இந்த நகரில் நடந்தது.

அணி உருவாதல்

அணியைக் கட்டியதில் பெரும் பங்கு அப்போது காவல்துறைத் தலைவராக இருந்த எம்.கே. ஜோசப்புக்கு உண்டு. இருக்கிற போலீஸ்காரர்களில் ஆடத் தெரிந்தவர்களைப் பொறுக்கி அணி சேர்ப்பதுதான் துறை அணிகளின் பழைய வழக்கம். இங்கே அது தலைகீழானது. ஆடத் தெரிந்தவர்களைத் தேடிப் பிடித்துப் போலீஸ்காரர்கள் ஆக்கினார்கள். அணிக்கு ஏழு பேர் ஆடும் மலபாரின் செவன்ஸ் மைதானங்களிலும், பல்கலைக்கழக அணிகளிலும், ஜூனியர் மாநில அணியிலும் கண்ணில் பட்ட இளைஞர்களுக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை தரப்பட்டது.

இப்படி வந்தவர்களின் ஊர்ப் பெயர்களைப் பார்த்தால் ஒரு விஷயம் தெரியும். சத்யன் கண்ணூர், விஜயன், பாப்பச்சன் திருச்சூர், ஷரபலி மலப்புறம். அணி தலைநகரத்தினுடையது, ஆட்டக்காரர்கள் பெரும்பாலும் வடக்கத்தியவர்கள். தலைநகர மாவட்டத்தின் தென்கோடியில், கன்னியாகுமரி எல்லையை ஒட்டிய மீனவ ஊரான பொழியூரும் சந்தோஷ் கோப்பை ஆட்டக்காரர்களை வரிசையாகத் தந்த ஊர்தான். ஆனால் போலீஸ் அணியின் பொற்காலத்தில் ரயில் ஓடியது வடக்கிலிருந்து தெற்கே.

விஜயனின் கதை கேரளத்தில் குழந்தைகளுக்கும் தெரியும். 1969-இல் திருச்சூரில் மிக ஏழைக் குடும்பத்தில் பிறந்தார். திருச்சூர் நகராட்சி ஸ்டேடியத்தில் ஆட்டம் நடக்கும் நாள்களில் சோடா விற்றார்; பாட்டிலுக்குக் கிடைத்தது 10 பைசா. 17 வயதில் கேரளா போலீஸ் அணிக்கு வந்தார். அரசாங்க வேலை ஒரு குடும்பத்தின் தலையெழுத்தை மாற்றுவது எப்படி என்பதற்கு அவரைவிட நல்ல உதாரணம் தேட வேண்டியதில்லை.

சத்யன் வேறு வார்ப்பு. 1965-இல் பிறந்தவர்; தடுப்பாட்டத்தின் நடுவில் நின்று மற்றவர்களை வழிநடத்திய தலைவர். விஜயனின் கால்களைப் பார்க்கக் கூட்டம் வந்தது என்றால், சத்யன் பின்னால் நிற்கிறார் என்ற தைரியத்தில்தான் மற்ற பத்துப் பேரும் முன்னேறி ஆடினார்கள். இவர்களோடு தோபியாஸ், லிஸ்டன் போன்றவர்களும் சேர்ந்து, ஒரு மாநில அணிக்குச் சமமான அணியாக அது ஆயிற்று. டி.கே. சாத்துண்ணி, ஏ.எம். ஸ்ரீதரன் ஆகியோர் அணியின் பயிற்சியாளர்களாக இருந்திருக்கிறார்கள். சாத்துண்ணி பின்னாளில் மோகன் பகானைத் தேசிய லீக் சாம்பியன் ஆக்கியவர்.

இரண்டு கோப்பைகள்

ஃபெடரேஷன் கோப்பை 1977-இல் எர்ணாகுளத்தில் தொடங்கியது. தேசிய லீக் இல்லாத அந்த நாள்களில் இந்தியாவின் மிகச் சிறந்த அணி எது என்பதைத் தீர்மானித்த போட்டி அதுதான். முதல் கோப்பையையே பெங்களூரின் ஐடிஐ என்ற ஆலை அணி மோகன் பகானைத் தோற்கடித்து வாங்கிச் சென்றது. கேரள அணிகளுக்குப் பதின்மூன்று ஆண்டுகள் அந்தக் கோப்பை எட்டவில்லை.

1990-இல் போட்டி திருச்சூருக்கு வந்தது. இறுதி ஆட்டத்தில் எதிரே நின்றது கோவாவின் சல்கோகர். 1988-லும் 1989-லும் கோப்பையை வென்று, மூன்றாவது முறையும் வெல்ல வந்திருந்த அணி. கேரளா போலீஸ் 2-1 என்று வென்றது. விஜயன் சோடா விற்ற ஊரில், அவர் ஆடிய அணி இந்தியாவின் சாம்பியன் ஆனது. இதைச் சினிமாவில் வைத்திருந்தால் நம்மில் பலர் மிகை என்றுதான் சொல்லியிருப்போம்.

அடுத்த ஆண்டு கண்ணூர். அது சத்யனின் மாவட்டம். பம்பாயின் மகிந்திரா அண்ட் மகிந்திரா அணியை 2-0 என்று வீழ்த்திக் கோப்பையைத் தக்கவைத்தார்கள். திருவனந்தபுரத்து அணியின் இரண்டு பெரிய வெற்றிகளும் திருவனந்தபுரத்துக்கு வெளியே, ஆட்டக்காரர்களின் சொந்த மண்ணில் நடந்தன.

மாநில அணியில் பங்கு

அணியின் உண்மையான கனத்தை அளக்கச் சந்தோஷ் கோப்பைக் கணக்கையும் பார்க்க வேண்டும். 1988 முதல் 1994 வரை ஏழு ஆண்டுகள் தொடர்ந்து கேரளம் இறுதி ஆட்டத்துக்குப் போனது. முதல் நான்கும் தோல்வி. கொல்லத்தில் பஞ்சாபிடம் பெனால்டியில், குவாஹாத்தியில் வங்காளத்திடம், கோவாவில் கோவாவிடம், பாலக்காட்டில் மகாராஷ்டிராவிடம். சொந்த மண்ணிலேயே இரண்டு முறை கைநழுவிய கோப்பை கடைசியில் கிடைத்தது தமிழ்நாட்டில். 1992-இல் கோயம்புத்தூர் நேரு ஸ்டேடியத்தில் கோவாவை 3-0 என்று வென்று, 19 ஆண்டுகளுக்குப் பிறகு கேரளம் கோப்பையைத் தூக்கியது. கேப்டன் சத்யன். மறு ஆண்டு கொச்சியில் மகாராஷ்டிராவை வென்றபோது கேப்டன் குரிகேஷ் மாத்யூ. இருவரும் போலீஸ் அணியில் உருவானவர்கள். இரு முறையும் பயிற்சியாளர் 1973 அணியின் டி.ஏ. ஜாபர். அந்த ஏழாண்டு ஓட்டத்துக்கு முதுகெலும்பு போலீஸ் அணி என்று சொன்னால் திருவனந்தபுரத்தில் யாரும் மறுக்கமாட்டார்கள்.

சிதறல்

பெரிய வெற்றிதான் சரிவையும் கொண்டுவந்தது. கல்கத்தா கிளப்புகள் ஒரே பருவத்துக்குத் தரத் தயாராக இருந்த பணத்தை ஒரு போலீஸ்காரரின் சம்பளத்தோடு ஒப்பிட வழியில்லை. 1991-இல் விஜயன் மோகன் பகானுக்குப் போனார். சத்யனும் கல்கத்தாவுக்குப் போய், பின்னர் சென்னையில் இந்தியன் வங்கியில் சேர்ந்தார். போனவர்களைக் குறை சொல்ல முடியாது. கால்பந்துக்காரனின் கால் பத்து ஆண்டுகள்தான் சம்பாதிக்கும். விட்ட இடங்களை அதே தரத்தில் நிரப்பத் துறையால் இயலவில்லை என்பதே உண்மையான குறை. அரசு நியமனத்துக்கு விதிமுறை உண்டு, கோப்பு உண்டு, காத்திருப்பு உண்டு. கிளப் ஒரு கோடையில் செய்வதை அரசாங்கம் ஐந்தாண்டுத் திட்டமாகத்தான் செய்யும்.

1996-இல் தேசிய லீக் வந்ததும் நாட்டின் கால்பந்து கிளப் ஒப்பந்தங்களின் பக்கம் சாய்ந்தது. 1997-இல் எஃப்சி கொச்சின் என்ற முழுத் தொழில்முறை கிளப் பெரும் ஆரவாரத்தோடு பிறந்து, அதே ஆண்டே மோகன் பகானை 3-1 என்று வென்று டுராண்ட் கோப்பையைக் கைப்பற்றியது. விஜயனும் அதில் ஆடினார். சில ஆண்டுகளிலேயே பணமில்லாமல் அது மறைந்தும் போனது. அதன் பின் விவா கேரளா வந்தது, சிராக் யுனைடெட் கேரளா என்று பெயர் மாறியது, அதுவும் போனது. வங்கி அணிக்கும் இதே கதிதான், காரணம்தான் வேறு: 2017-இல் ஸ்டேட் பாங்க் ஆஃப் டிராவன்கூர் பாரத ஸ்டேட் வங்கியோடு இணைக்கப்பட்டபோது அந்தப் பெயரே இல்லாமல் போயிற்று. கேரளா போலீஸோ பெரிய கோப்பைகள் இல்லாவிட்டாலும் நின்றது. அகில இந்தியப் போலீஸ் கால்பந்துப் போட்டியிலும் கேரளா பிரீமியர் லீக்கிலும் தொடர்ந்து ஆடுகிறது.

ஆட்டக்காரர்களின் பின்வாழ்க்கை

தமிழ்நாட்டுக்கு மிக நெருக்கமானவர் சத்யன்தான். இந்திய அணியின் கேப்டனாக 1995-இல் சென்னையில் நடந்த தெற்காசிய விளையாட்டில் தங்கம் வென்றார். இந்தியன் வங்கி அணிக்கு ஆடி, பிறகு பயிற்சியும் அளித்தார். 2006 ஜூலை 18-இல் பல்லாவரம் ரயில் நிலையத்தில் ரயில் மோதி இறந்தபோது அவருக்கு வயது 41. நாட்டின் கேப்டனாக இருந்த ஒருவர் நம் நகரத்தில் வாழ்ந்து மறைந்தார் என்பதைச் சென்னை அன்று பெரிதாகக் கவனிக்கவில்லை. 2018-இல் பிரஜேஷ் சென் இயக்கத்தில் ஜெயசூர்யா நடித்த ‘கேப்டன்’ என்ற மலையாளப் படம் வந்த பிறகுதான் கேரளத்துக்கு வெளியே பலர் அவர் பெயரை அறிந்தார்கள்.

விஜயன் மூன்று முறை இந்தியாவின் ஆண்டுச் சிறந்த ஆட்டக்காரர் ஆனார். 2003-இல் அர்ஜுனா விருது பெற்றார். தமிழர்களுக்கு அவரைத் ‘திமிரு’, ‘கொம்பன்’, ‘பிகில்’ படங்களில் பார்த்த முகமாகத் தெரியும். அவர் ஆட்டத்தைப் பார்த்தவர்கள் குறைவு. கிளப்புகளில் ஆடி முடித்துவிட்டு மீண்டும் காவல்துறைக்கே திரும்பினார். 2025-இல் அவருக்குப் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டு ஏப்ரல் 30-இல் மலபார் ஸ்பெஷல் போலீஸில் டெபுடி கமாண்டன்ட் பதவியிலிருந்து ஓய்வு பெற்றார். ஷரபலியும் காவல்துறையில் உயர்ந்து ஓய்வு பெற்று, 2023-இல் கேரள மாநில விளையாட்டுக் கவுன்சிலின் தலைவரானார்.

மைதானத்தின் புதிய குடியிருப்பாளர்

2024-இல் சூப்பர் லீக் கேரளா தொடங்கியது. ஆறு அணிகளில் ஒன்று திருவனந்தபுரம் கொம்பன்ஸ். கொம்பன் யானையின் பெயர். பிரேசில் பயிற்சியாளர், பிரேசில் ஆட்டக்காரர்கள், விளம்பரம் என்று தலைநகருக்கு முதல்முறையாக ஒரு நவீனத் தொழில்முறை கிளப் கிடைத்தது. முதல் பருவத்தில் அரையிறுதி வரை வந்து, பின்னர் கோப்பையை வென்ற காலிகட் எஃப்சியிடம் தோற்றது. அதன் சொந்த மைதானம் சந்திரசேகரன் நாயர் ஸ்டேடியம்தான். அதாவது, புது கிளப் போலீஸ்காரர்களின் வீட்டில் குடியிருக்கிறது.

ஃபெடரேஷன் கோப்பை 2017-ஆம் ஆண்டோடு நிறுத்தப்பட்டது. 40 ஆண்டு வரலாற்றில் அதை வென்ற கேரள அணி கேரளா போலீஸ் மட்டுமே.