ஊரார் பணத்தை நம்பிய கணக்கு: பிரிட்டனின் 1962 மருத்துவமனைத் திட்டமும் அதன் வாரிசுகளும்

1962 ஜனவரியில் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட இங்கிலாந்து, வேல்ஸ் மருத்துவமனைத் திட்டத்தைப் புரட்டினால் பக்கத்துக்குப் பக்கம் அட்டவணைகள்தாம். வட்டாரம் வட்டாரமாக, மருத்துவமனை மருத்துவமனையாக, 1960இல் எத்தனை படுக்கை இருந்தது, 1975இல் எத்தனை இருக்கும் என்ற எண்கள். புதிதாக 90 மருத்துவமனைகள். பெருமளவில் மாற்றிக் கட்ட வேண்டியவை 134. இவை போக 360 பெரிய பணிகள். பத்தாண்டுச் செலவு 50 கோடி பவுண்டு. ஒன்று முதல் ஒன்றரை லட்சம் மக்களுக்கு ஒன்று என்ற கணக்கில், 600 முதல் 800 படுக்கைகள் கொண்ட ‘மாவட்டப் பொது மருத்துவமனை’ நாடெங்கும் வரும். நூற்றுக்கணக்கான சிறிய மருத்துவமனைகள் மூடப்படும்.

இந்தத் திட்டத்தைப் பற்றிய மதிப்பீடுகள் பெரும்பாலும் இரண்டு வகை. ஆசை பெரிது, காசு போதவில்லை என்பது ஒன்று. வளர்ச்சி என்ற பெயரில் படுக்கைகளைக் குறைத்த தந்திரம் என்பது மற்றொன்று. இரண்டிலும் உண்மை உண்டு. இரண்டும் அடிப்படைக் கோளாற்றைத் தொடவில்லை என்பது இக்கட்டுரையின் வாதம். திட்டத்தின் எண்கள் மருத்துவமனைக்கு வெளியே கிடைக்க வேண்டிய பராமரிப்பை நம்பி நின்றன. அந்தப் பராமரிப்போ நலவாழ்வு அமைச்சரின் அதிகாரத்திலும் இல்லை, அவர் நிதிக் கணக்கிலும் இல்லை. ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்பார்களே, அந்த மாதிரியான திட்டமிடல். பின்வந்த சீர்திருத்தங்களில் பெரும்பாலானவையும் இதே வழியில்தான் போயிருக்கின்றன.

1948இல் போட்ட கோடு

தேசிய நலவாழ்வுச் சேவை 1948 ஜூலை 5 அன்று தொடங்கியபோது, அதுவரை அறக்கட்டளைகளும் உள்ளாட்சி மன்றங்களும் நடத்திவந்த ஏறத்தாழ 2,700 மருத்துவமனைகள் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஒரே நாளில் அரசுடைமையாயின. அமைச்சரவைக்குள் இதற்கு எதிர்ப்பு இருந்தது. லண்டன் மாநகராட்சியில் அரசியல் கற்ற ஹெர்பர்ட் மாரிசன், மருத்துவமனைகள் உள்ளாட்சியிடமே இருக்க வேண்டும் என்று வாதிட்டார். நலவாழ்வு அமைச்சர் அனைரின் பெவன் அவரை வென்றார். ஏழை ஊருக்கும் பணக்கார ஊருக்கும் ஒரே தரம் வேண்டுமானால் பெவன் சொன்ன வழிதான் சரி. ஆனால் அந்த வெற்றிக்கு ஒரு விலை இருந்தது. அதே 1948இல் வந்த தேசிய உதவிச் சட்டம் முதியோர் இல்லங்களை உள்ளாட்சியிடம் விட்டது. அங்கே தங்குவோர் வருமானத்துக்கேற்பக் கட்டணம் செலுத்த வேண்டும். மருத்துவமனைப் படுக்கையோ முற்றிலும் இலவசம். இடுப்பெலும்பு முறிந்த எண்பது வயது மூதாட்டி எந்த வாரத்தில் ‘நோயாளி’ என்ற நிலையிலிருந்து ‘பராமரிப்புத் தேவைப்படுபவர்’ என்ற நிலைக்கு மாறுகிறார் என்ற கேள்விக்கு மருத்துவத்தில் விடை கிடையாது. நிர்வாகத்தில் மட்டும் அந்த விடையைப் பொறுத்துச் செலவு ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்குத் தாவும்.

முதல் பத்தாண்டில் இந்தக் கோடு யாரையும் பெரிதாக உறுத்தவில்லை, கட்டுவதற்கே பணமில்லை. வீடும் பள்ளியும் தொழிற்சாலையும் முந்திக்கொண்டன. செலவு கட்டுமீறிப் போகிறதா என்று பார்க்க அமைக்கப்பட்ட கில்லிபாட் குழு, 1956இல் எதிர்பாராத பதிலைத் தந்தது: நாட்டு வருமானத்தில் நலவாழ்வுச் சேவையின் பங்கு ஏறவில்லை, இறங்கியிருக்கிறது. கட்டுமானத்துக்கு ஆண்டுக்கு 3 கோடி பவுண்டாவது வேண்டும் என்றது அது. விக்டோரியா அரசி காலத்துக் கட்டடங்களிலேயே அறுவை சிகிச்சைகள் நடந்துகொண்டிருந்த காலம் அது.

எண் எங்கிருந்து வந்தது

1960இல் நலவாழ்வு அமைச்சரானவர் ஈனாக் பவல். இரண்டு ஆண்டுகளுக்கு முன், அரசுச் செலவில் இன்னும் 5 கோடி பவுண்டு வெட்டப்படவில்லை என்பதற்காகத் தம் தலைவரான நிதியமைச்சர் தார்னிகிராஃப்டுடன் நிதித்துறைப் பதவியைத் துறந்தவர். அமைச்சரான கையோடு மருந்துச் சீட்டுக் கட்டணத்தை ஒரு ஷில்லிங்கிலிருந்து இரண்டாக்கினார். அப்படிப்பட்டவர் 50 கோடிக்குத் திட்டம் தீட்டியதில் முரண் இருப்பதாகப் பலர் எழுதியிருக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சிதறிக் கிடக்கும் சிறிய மருத்துவமனைகளை மூடி ஒரே இடத்தில் சேர்ப்பது, கணக்குப் பார்ப்பவருக்கு இயல்பாகவே பிடித்துப்போகும் யோசனை. முதலீடு ஒருமுறை, மிச்சம் ஆண்டுதோறும்.

ஆயிரம் பேருக்குக் கடும்நோய்ப் படுக்கை 3.3 என்பது திட்டத்தின் மைய அளவுகோல். அப்போது நடைமுறையில் இருந்தது ஏறத்தாழ 3.9. நார்த்தாம்ப்டன், நாரிச், பாரோ போன்ற ஊர்களில் நஃபீல்டு அறக்கட்டளையின் ஆதரவில் 1950களில் நடந்த ஆய்வுகள், இருக்கும் படுக்கைகளைச் சரியாகப் பயன்படுத்தினால் குறைவானவையே போதும் என்று காட்டியிருந்தன. நல்ல ஆய்வுகள்தாம். ஆனால் ஒரு ஊரில் எத்தனை பேர் மருத்துவமனையில் இருக்கிறார்கள் என்பது அந்த ஊரில் எத்தனை படுக்கை இருக்கிறது என்பதைப் பெருமளவு சார்ந்தது. படுக்கை கூடினால் சேர்க்கையும் கூடும், தங்கும் நாளும் கூடும் என்பதைப் பொருளியலாளர் மார்ட்டின் ஃபெல்ட்ஸ்டைன் 1967இல் பிரிட்டிஷ் தரவுகளைக் கொண்டே காட்டினார். தேவையை அளப்பதாக எண்ணியவர்கள் பாதிக்குப் பாதி வழக்கத்தைத்தான் அளந்தார்கள்.

மகப்பேற்றுப் படுக்கையின் கதை இதைக் கிட்டே காட்டும். ஆயிரத்துக்கு 0.58 என்று திட்டம் வைத்தது, 70 விழுக்காட்டுப் பிரசவங்கள் மருத்துவமனையில் நடக்க வேண்டும் என்ற கிரான்புரூக் குழுவின் 1959 பரிந்துரையை ஒட்டி. 1970களின் நடுவில் அந்தப் பங்கு 95 விழுக்காட்டைத் தாண்டிவிட்டது. அப்படியானால் படுக்கைக்குப் பெரும் தட்டுப்பாடு வந்திருக்க வேண்டுமே? வரவில்லை. 1964க்குப் பிறகு பிறப்பு விகிதம் சரிந்தது. பிரசவத்துக்குப் பின் தாய்மார் தங்கும் நாள்களும் சுருங்கின. எதிரெதிர்த் திசைத் தவறுகள் ஒன்றையொன்று சரிக்கட்டின. இதைத் திட்டமிடலின் வெற்றி என்று யாரும் கொண்டாட முடியாது.

மனநோய்ப் படுக்கையில் அத்தகைய அதிர்ஷ்டம் இல்லை. ஆயிரத்துக்கு 3.3 ஆக இருந்ததை 1.8 ஆக்குவது இலக்கு. 1961 மார்ச்சில் தேசிய மனநலச் சங்கத்தின் மாநாட்டில் பவல் நிகழ்த்திய உரை புகழ்பெற்றது. தண்ணீர்த் தொட்டிக் கோபுரத்தோடு ஊருக்கு வெளியே தனித்து நின்ற பழைய மனநல விடுதிகளை ஒழிக்க வேண்டும், பதினைந்து ஆண்டில் படுக்கைகளைப் பாதியாக்க வேண்டும் என்றார். அக்கட்டடங்களைப் பார்த்தவர் எவரும் அந்த உணர்வை மறுக்க மாட்டார். அதே மாநாட்டில் சமூகக் கொள்கை அறிஞர் ரிச்சர்டு டிட்மஸ் கேட்ட கேள்விதான் இன்றுவரை நிற்கிறது: வெளியே வருபவர்களை ஏற்க சமூகத்தில் எந்த ஏற்பாடு, யார் பணத்தில்? சமூகப் பராமரிப்பு என்ற இனிய சொல் வெறும் புனைவாகிவிடக் கூடாது என்று அவர் எச்சரித்தார்.

அதற்கு அரசு தந்த விடை 1963இல் வந்த இன்னொரு வெள்ளையறிக்கை. உள்ளாட்சி மன்றங்கள் தத்தம் பத்தாண்டுத் திட்டங்களை எழுதி அனுப்பின. அமைச்சகம் அவற்றைத் தொகுத்து அச்சிட்டது. மருத்துவமனைக்கு ஆயிரத்துக்கு இத்தனை என்று ஆணியடித்த அதே அமைச்சகம், வீட்டு உதவியாளர்க்கோ முதியோர் இல்லத்துக்கோ கட்டாய அளவுகோல் எதையும் விதிக்கவில்லை. விதிக்க அதற்கு அதிகாரமும் கிடையாது, கொடுக்கப் பணமும் கிடையாது. ஓர் ஊர் தாராளமாக எழுதியது, பக்கத்து ஊர் பெயருக்கு எழுதியது. இரண்டும் ஒரே புத்தகத்தில் பக்கம் பக்கமாக அச்சாயின. வரிசையையும் கவனிக்க வேண்டும். முதலில் மருத்துவமனை, அது முடிவான பின் மற்றது.

ஆள்கணக்கிலும் இதே கதை. மருத்துவர்கள் அளவுக்கு மிஞ்சிவிடுவார்கள் என்று 1957இல் வில்லிங்க் குழு கணித்து, மருத்துவக் கல்லூரிச் சேர்க்கையைக் குறைக்கச் சொல்லியிருந்தது. பவல் திட்டத்தை வெளியிட்ட அதே 1962இல் செவிலியர் ஊதிய உயர்வை அரசு இரண்டரை விழுக்காட்டில் முடக்கப் பார்த்தது. மிச்ச இடங்களை நிரப்பியவர்கள் யார் என்பது தமிழ் வாசகர்களுக்குத் தெரிந்த கதை: சென்னையிலும் கொழும்பிலும் படித்தவர்கள் உட்பட, தெற்காசிய மருத்துவர்கள். உள்ளூர் மருத்துவர்கள் விரும்பாத முதியோர் மருத்துவமும் மனநலமும் அவர்களுக்கு எளிதில் கிடைத்தன. திட்டம் எந்தப் படுக்கைகளைச் ‘சமூகத்துக்கு’ அனுப்பிவிட நினைத்ததோ, பெரும்பாலும் அந்த வார்டுகளில்தான் அவர்கள் வாழ்நாள் கழிந்தது.

மலிவின் பின்விளைவு

கட்டுமானச் செலவு தொடக்க மதிப்பீட்டைச் சில ஆண்டுகளிலேயே தாண்டியது. 1966இல் திட்டத்தைத் திருத்த வேண்டியதாயிற்று. ஒவ்வொரு மருத்துவமனைக்கும் தனி வரைபடம் போடுவது கட்டாது என்பதால் 1960களின் பிற்பகுதியில் ‘பெஸ்ட் பை’ என்ற சிக்கன மாதிரி உருவானது. ஒன்றின் விலையில் இரண்டு என்பதே அதன் விளம்பரம். பரி செயின்ட் எட்மண்ட்ஸிலும் ஃப்ரிம்லியிலும் முதல் இரண்டும் எழுந்தன. மலிவுக்குக் காரணம் வடிவமைப்பு மட்டுமன்று. நோயாளிகளை விரைவாக வீட்டுக்கு அனுப்பிவிடலாம், மிச்சத்தைக் குடும்ப மருத்துவரும் உள்ளாட்சியும் பார்த்துக்கொள்வார்கள் என்ற நம்பிக்கையில் படுக்கைகளையும் குறைத்தே கட்டினார்கள். 1962இன் அனுமானம் இப்போது சுவருக்குள்ளேயே குடியேறிவிட்டது.

சுவருக்குள் இன்னொன்றும் இருந்தது: ஆர்.ஏ.ஏ.சி. எனப்படும், காற்றுக் குமிழிகள் நிறைந்த எடை குறைந்த கான்கிரீட் பலகை. விலை மலிவு, வேலை சுளுவு, ஆயுள் ஏறத்தாழ 30 ஆண்டு. இன்று இந்தக் கான்கிரீட்டால் முழுதாக மாற்றிக் கட்டியாக வேண்டிய ஏழு மருத்துவமனைகளின் பட்டியலில் பரி செயின்ட் எட்மண்ட்ஸும் ஃப்ரிம்லியும் இருக்கின்றன. கிங்ஸ் லின் மருத்துவமனையில் கூரையைத் தாங்க ஆயிரக்கணக்கான முட்டுகள் கொடுத்திருக்கிறார்கள். வார்டு நடுவே, கட்டிலுக்கும் கட்டிலுக்கும் இடையே எஃகுத் தூண்கள். செலவைப் பின்தலைமுறைக்குத் தள்ளுவது என்பது இங்கே உருவகம் அல்ல, தலைக்கு மேலே தொங்கும் உண்மை.

தனியார் கட்டி, அரசு நீண்ட காலக் கட்டணம் செலுத்தும் 1990களின் தனியார் நிதி முறையைப் பற்றி நிறைய எழுதப்பட்டுவிட்டது. வட்டியும் முப்பது ஆண்டுக் குத்தகையும் நமக்கு இங்கே முக்கியமல்ல. அலிசன் பாலக் குழுவினர் 1999இல் சுட்டியது மட்டும் போதும்: அம்முறையில் திட்டமிடப்பட்ட முதல் மருத்துவமனைகளில் படுக்கைகள் சராசரியாக 30 விழுக்காடு அளவுக்குக் குறைக்கப்பட்டன. காரணமாகச் சொல்லப்பட்டது வழக்கம் போலச் சமூகப் பராமரிப்பு. அடுத்த ஆண்டே அரசின் சொந்தப் படுக்கை விசாரணை இந்தக் குறைப்பு இனியும் தொடரக் கூடாது என்றது.

ஒரு மறுப்பை இங்கே எதிர்கொள்ள வேண்டும். இங்கிலாந்தில் 1987-88இல் ஏறத்தாழ 2,99,000 ஆக இருந்த படுக்கைகள் 2019-20இல் 1,41,000 ஆகச் சுருங்கின. இதில் பெரும்பகுதி மருத்துவ முன்னேற்றத்தால் நேர்ந்தது அல்லவா? ஆம். கண்புரை அறுவைக்கு வாரக்கணக்கில் படுத்திருந்த காலம் போய்விட்டது. பல அறுவைகளுக்குக் காலையில் வந்து மாலையில் போகிறார்கள். திட்டமிட்டவர்கள் திசையைத் தவறாகக் கணிக்கவில்லை. ஆனால் சிகிச்சை முடிந்த பிறகான நாள்கள் மருத்துவத்தால் குறைவதில்லை. வீட்டில் ஓர் ஆள் இருந்தால் குறையும். நலவாழ்வுச் சேவையின் நிலை குறித்து 2024 செப்டம்பரில் வந்த டார்சி அறிக்கையின்படி 13 விழுக்காட்டுப் படுக்கைகளில் இருப்பவர்கள் சமூகப் பராமரிப்புக்கோ வேறு பொருத்தமான இடத்துக்கோ காத்திருப்பவர்கள். இருபதாண்டாக எல்லா அரசுகளும் ‘மருத்துவமனையிலிருந்து சமூகத்துக்கு’ என்று முழங்கிய காலத்தில், நிதியில் மருத்துவமனைகளின் பங்கு 2006இல் 47 விழுக்காட்டிலிருந்து 2022இல் 58 ஆக ஏறியது என்பதும் அதே அறிக்கையில்தான் இருக்கிறது.

அப்படியானால் இரண்டு துறைகளையும் ஒரே கூரைக்குள் கொண்டுவந்தால் தீருமா? வட அயர்லாந்து 1973 முதல் அப்படித்தான் நடத்துகிறது. ஐக்கிய இராச்சியத்திலேயே மிக நீண்ட காத்திருப்புப் பட்டியல்களும் அங்கேதான். பெயர்ப்பலகையை ஒன்றாக்குவது போதாது. போதுமானது எது என்பதற்குத் தடயம், ஆச்சரியமாக, பவல் மூடச் சொன்ன மனநல விடுதிகளிலேயே கிடைக்கிறது. அவற்றில் பெரும்பாலானவை அவர் சொன்ன கெடுவில் மூடப்படவில்லை. 1980களிலும் 1990களிலும்தான் மூடப்பட்டன. வடக்கு லண்டனின் ஃப்ரையர்ன், கிளேபரி விடுதிகளை மூடும்போது, வெளியேறும் ஒவ்வொரு நோயாளியோடும் அவருக்கான தொகையும் போயிற்று. அதிகாரிகள் அதைச் சீதனம் என்றே அழைத்தார்கள். ஜூலியன் லெஃப் தலைமையிலான குழு அந்நோயாளிகளைப் பல ஆண்டு பின்தொடர்ந்து பார்த்தது. வீதிக்கு வந்தவர்கள் மிகச் சிலர். பெரும்பாலோர் விடுதிக்குத் திரும்ப விரும்பவில்லை. கடைசியாக வெளியேறியவர்கள் மிகக் கடும் நோயுற்றவர்கள் என்பதால் அவர்களுக்கான செலவு கூடியது. மாற்றிடம் அமைந்து, பணமும் கூடவே போன பிறகே படுக்கை எடுக்கப்பட்டது. வரிசையை மாற்றியதுதான் வேறுபாடு. ஆனால் சில ஆண்டுகளுக்குப் பழையதும் புதியதும் சேர்ந்து ஓட வேண்டியிருக்கும், அந்த இரட்டைச் செலவை எந்த நிதியமைச்சகமும் எளிதில் ஒப்புக்கொள்ளாது.

2019இல் போரிஸ் ஜான்சன் அரசு 2030க்குள் 40 புதிய மருத்துவமனைகள் என்று வாக்களித்தது. தேசியத் தணிக்கை அலுவலகம் 2023இல் அந்தக் கெடு நடவாது என்றது. அதைவிடக் கவனிக்கத்தக்கது, பொது மாதிரி வரைவின்படி கட்டினால் மருத்துவமனைகள் தேவைக்குச் சிறியவையாகிவிடக்கூடும் என்ற எச்சரிக்கை. வெளியே பராமரிப்பு வளரும் என்ற அனுமானம் அந்த மாதிரியிலும் இருந்தது. 2025 ஜனவரியில் தொழிற்கட்சி அரசு திட்டத்தை அலைகளாகப் பிரித்தது. சில மருத்துவமனைகளுக்கு 2030களின் கடைசியில்தான் கட்டட வேலையே தொடங்கும். தணிக்கைக்குத் தாங்கும் நேர்மையான கால அட்டவணை என்ற அளவில் இது முன்னேற்றம்தான். அதே ஆண்டு ஜூலையில் வெளியான பத்தாண்டு நலவாழ்வுத் திட்டம் மருத்துவமனையிலிருந்து சமூகத்துக்கு மாறுவதைத் தன் மூன்று பெரும் மாற்றங்களில் முதலாவதாக வைத்திருக்கிறது. முதியோர், மாற்றுத்திறனாளர் பராமரிப்பை ஆராயும் லூயிஸ் கேசி ஆணையம் தனியாக இயங்குகிறது; அதன் இறுதி அறிக்கைக்குக் குறித்திருக்கும் ஆண்டு 2028.