மெய்ப்பாடும் மூளைக் கருவியும்

மதுரையின் தென்பால் உள்ள அவனியாபுரத்தில் தைத்திங்கள் முதல்நாள் ஏறு தழுவல் நிகழ்வது வழக்கம். வாடிவாசல் கடந்து வரும் காளை சினந்துளதா, மருண்டுளதா என்பதைக் களத்து நிற்போர் அதன் கண்ணானும் மூச்சானும் மண்ணைக் கிளறும் காலானும் அறிவர். புறக்குறி கொண்டு அகநிலை உணரும் இவ்வறிவு மெய்ப்பாட்டியல் கற்றார்க்குப் புதிதன்று. அக்குறியை மூளையினின்றே பெற முயன்ற வரலாற்றினை ஈண்டு ஆராய்வாம்.

மனித மூளையின் மின்னலைகளைச் செருமானியரான ஆன்சு பெர்கர் 1924-இல் முதன்முதற் பதிவு செய்து, 1929-இல் வெளியிட்டார். உணர்ச்சியை நோக்கிய முயற்சியிலோ, நாம் மீண்டும் ஒரு காளையையே காண்கின்றோம். 1963-இல் இசுபெயின் நாட்டுக் கோர்தோபாவில், யேல் பல்கலைக்கழக அறிஞர் ஓசே தெல்காதோ காளையொன்றின் மூளையில் மின்வாய்களைப் பொருத்திக் களம் புகுந்தார். பாய்ந்து வந்த காளை, அவர் பொத்தானை அழுத்தி வானொலிக் குறி விடுத்த அளவில் நின்று திரும்பிற்று. வெகுளி தணிந்தது என்றார் அவர். தூண்டப்பெற்றது உடலியக்கத்தொடு தொடர்புடைய பகுதியாதலின், காளை திரும்பியதேயன்றிச் சினம் நீங்கியதற்குச் சான்றில்லை என வாலன்ஸ்டைன் 1973-இல் மறுத்தார். மறுப்பே வலியுடைத்து என்பது நம் கருத்து.

கணினி தானே குறி கண்டு மறுமொழி தந்த செயலும் தெல்காதோவினதே. 1970-ஆம் ஆண்டளவில், பேடி என்னும் சிம்பன்சியின் அமிக்டலாவில் ஒருவகை அலை எழுந்தபோதெல்லாம் கணினி அதற்கு ஒவ்வாத தூண்டலைச் செலுத்திற்று. ஆறு நாளில் அவ்வலை நூற்றுக்கு 99 பங்கு குறைந்தது. குரங்கும் ஊக்கங் குன்றி அடங்கிற்று. அஃது அமைதியோ சோர்வோ, யார் அறிவார்! 'மூளை-கணினி இடைமுகம்' என்னும் பெயர் விடால் என்பவரால் 1973-இல் வழங்கப்பெற்றது.

பேராசிரியர் தம் உரையில் சுவைக்கப்படும் பொருள், பொறியுணர்வு, உள்ளத்துக் குறிப்பு, உடம்பில் தோன்றும் சத்துவம் என நான்கினை வேறு பிரித்தார். மயிர் சிலிர்த்தல், கண்ணீர் அரும்பல் முதலியன சத்துவம். மூளையின் மின்னலையும் உடம்பின்கண் நிகழும் வேறுபாடே. ஆகலின் கருவி பெறுவது சத்துவமேயன்றிக் குறிப்பன்று. தொல்காப்பியரோ வெகுளிக்கு உறுப்புச் சிதைத்தல், குடியினர்க்குக் கேடு சூழ்தல் முதலாய நிலைக்களன்களைக் கூறினார். இன்ன களத்தில் எழுந்தது என்றறியாக்கால் ஓர் உடற்குறியை வெகுளி என்றோ அச்சம் என்றோ துணிதல் அரிது.

இன்றைய ஆய்வாளரும் இதனை முற்றக் கடந்திலர். 2012-இல் வெளிவந்த டீப் என்னும் தரவுத்தொகுதிக்காக 32 பேர் ஒவ்வொரு நிமிட அளவினவாகிய 40 இசைக்காட்சிகளைக் கண்டனர். அவர்தம் மூளையலைகள் பதியப்பெற்றன. (மெய்ப்பாட்டு வகை முப்பத்திரண்டொடு எண் ஒத்தமை தற்செயலே.) ஆயினும் உற்ற உணர்வு எத்தகையது என்பதை அவரவரே மதிப்பிட்டுக் கூறவேண்டியதாயிற்று. அக்கூற்றைக் கொண்டே கணினிக்கு அலையின் பொருள் கற்பிக்கப்படுகின்றது.

கூற்றினை விடுத்து அலையையே சான்றாக்க விழைவாரும் உளர். நம் நாட்டில் குற்றவிசாரணையில் மூளைமின் சோதனை பயன்பட்டது. செல்வி எதிர் கர்நாடக அரசு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2010 மே 5-இல், ஒருவர் இசைவின்றி இச்சோதனையை நிகழ்த்தல் அரசமைப்பின் 20(3), 21 ஆம் உறுப்புகட்கு மாறாம் எனத் தீர்ப்பளித்தது. இசைந்து உட்பட்டவிடத்தும் அதன் முடிவு தானே சான்றாகாது என்றும் விதித்தது.