தாயிலா ஆழிப்பேரலை: 1700ஆம் ஆண்டு நிகழ்வும் அதன் சான்றுகளும்

2004 டிசம்பர் 26ஆம் நாளுக்குப் பின்னர்க் கடல்கோள் குறித்த கட்டுரைகள் தமிழில் பெருகின. பழம்பனுவல்கள் சுட்டும் கடல்கோளும் அன்று நாம் கண்ட ஆழிப்பேரலையும் ஒன்றே என்னும் கருத்து அவற்றுட் சிலவற்றில் ஆராயப்படாமலேயே ஏற்கப்பட்டது. ஒரு பழஞ்செய்தி வரலாறாவதற்கு எத்தகைய சான்றுகள் வேண்டும்? உலக ஆழிப்பேரலை வரலாற்றில் ஐயத்திற்கு இடமின்றி நிறுவப்பட்ட ஒரு நிகழ்வின்வழி இவ்வினாவை அணுக இக்கட்டுரை முற்படுகிறது.

ஜப்பானியக் கென்ரோகு ஆண்டுக்கணக்கில் 12ஆம் ஆண்டு, 12ஆம் திங்கள், 8ஆம் நாள் நள்ளிரவு. இன்றைய நாட்காட்டியில் இது கி.பி. 1700 சனவரி 27 ஆகும். அவ்விரவில் ஹொன்சு தீவின் கிழக்குக் கரையோர ஊர்களுள் கடல் புகுந்தது. குவாகசாக்கி என்னும் ஊரில் 13 வீடுகளை நீர் கொண்டது. அதனையொட்டி எழுந்த தீயில் மேலும் 20 வீடுகள் எரிந்தன. தெற்கே மிகோ என்னும் சிற்றூரின் தலைவர், நிலநடுக்கம் எதுவும் உணரப்படாத நிலையில் கடல் ஏன் இவ்வாறு பொங்கியது என்று வியந்து எழுதிவைத்துள்ளார். இவை இலக்கியங்கள் அல்ல. அலுவலரும் வணிகரும் ஊர்த்தலைவரும் எழுதிய குறிப்புகள். (இத்தகைய வறண்ட எழுத்துகளுக்கு நம் ஆய்வுகளில் இன்றும் போதிய இடமில்லை.) நிலநடுக்கமாகிய தாய் எதுவென அறியப்படாமையால் ஆய்வாளர் இவ்வலையைத் தாயற்ற அலை என்றே வழங்கினர். இருநூற்றுத் தொண்ணூறு ஆண்டுகளுக்கு மேலாக அது அவ்வாறே இருந்தது.

தாய் பசிபிக் பெருங்கடலின் மறுகரையில் இருந்தது. வட அமெரிக்காவின் மேலைக் கரையில் அக்காலத்தில் எழுத்துப் பதிவு இல்லை. ஆயினும் வாசிங்டன் மாநிலத்துக் கழிமுகங்களில் பட்டுப்போன செந்தேவதாரு மரங்கள் நின்றநிலையிலேயே உள்ளன. பிரையன் அட்வாட்டர் முதலிய நிலவியலாளர் 1980களில் அங்கு ஆய்ந்தபோது, பழைய சதுப்புநில மண் திடீரெனத் தாழ்ந்திருப்பதையும், அதன்மேல் கடல்மணல் படிந்திருப்பதையும் கண்டனர். மரங்களின் ஆண்டு வளையங்கள் 1699ஆம் ஆண்டு வளர்ச்சியோடு நின்றிருந்தன. 1996இல் கெஞ்சி சத்தாகே குழுவினர் ஜப்பானியக் குறிப்புகளிலிருந்து அலை புறப்பட்ட நேரத்தைப் பின்னோக்கிக் கணித்தனர். அமெரிக்கக் கரையில் சனவரி 26 இரவு ஏறத்தாழ 9 மணி என்பது அவர்தம் முடிவு.

மூன்றாவது சான்று வாய்மொழி. வான்கூவர் தீவின் ஹூ-அய்-அத் மக்களிடையே, பச்சேனா விரிகுடாவில் இருந்த ஊர் ஓரிரவில் நிலம் நடுங்கிக் கடல் வந்து அழிந்த கதை தலைமுறைகளாக வழங்கி வந்தது. கதை இரவு என்றது. ஏடும் கணக்கும் அதனையே காட்டின. கதைக்கு நாள் இல்லை, ஏட்டிற்குக் காரணம் இல்லை, மண்ணிற்கோ நாளும் இல்லை, பெயரும் இல்லை. ஒன்றன் குறையை மற்றொன்று நிரப்பியது.

இவ்வகை ஆய்வு பழமையறியும் ஆர்வத்தோடு நின்றுவிடுவதன்று. சுமத்திராவை அடுத்த சிமேலூ தீவினர் 1907ஆம் ஆண்டுப் பேரலையின் நினைவை ‘ஸ்மோங்’ என்னும் ஒரு சொல்லில் காத்து வந்தனர். நிலம் நடுங்கிக் கடல் பின்வாங்கின் மேட்டிற்கு ஓடுக என்பது அச்சொல்லின் பொருள். 2004இல் ஏறத்தாழ 78,000 மக்களுள் அங்கு இறந்தோர் எழுவர் மட்டுமே. ஜப்பானில் நேர்ந்தது இதற்கு மாறானது. கி.பி. 869இல் செண்டாய்ச் சமவெளியில் கடல் புகுந்து ஏறத்தாழ ஆயிரவர் மாண்ட செய்தியை அரசவை வரலாற்றேடு குறித்திருந்தது. அச்சமவெளியின் உட்பகுதியில் மணற்படிவும் கண்டறியப்பட்டு, ஆய்வாளர் எச்சரித்தும் இருந்தனர். காப்பு ஏற்பாடுகளில் அதற்கு உரிய இடம் கிட்டுமுன்னரே 2011 மார்ச்சு 11 வந்தது; இறந்தோரும் காணாமற்போனோரும் 18,000க்கு மேற்பட்டோர்.

இனி நம் கடல்கோளுக்கு வருவோம். ஆழிப்பேரலை நிலத்துள் புகுந்து சில மணி நேரத்தில் மீள்வது. இறையனார் களவியல் உரை கூறுவதோ நிலம் மீளாது கடலுள் மறைந்த செய்தி. 1700இல் அமெரிக்கக் கரையிலும், 2004இல் பெரிய நிக்கோபாரின் இந்திரா முனையிலும் அலையோடு நிலமும் தாழ்ந்தது உண்மையே. ஆயின் அவ்விரு இடங்களும் நிலத்தட்டுகள் ஒன்றன்கீழ் ஒன்று அமிழும் எல்லையில் உள்ளவை. குமரிக்கரை அத்தகைய எல்லையிலிருந்து நெடுந்தொலைவில் உள்ளது. எனவே 2004ஆம் ஆண்டு நிகழ்வை மட்டும் காட்டி நாடொன்று மூழ்கியதை நிறுவ இயலாது. காயல்களிலும் கழிமுகங்களிலும் மண்ணடுக்குகள் பரவலாக ஆராயப்பட்டு, பழைய அலைகளின் மணற்படிவு காலவரையறை பெற்றாலன்றி இப்பொருளில் அடுத்த அடி வைத்தல் அரிது. பாண்டிநாட்டைக் கடல் கொண்ட காலத்தைச் சொல்லுமிடத்து, அவ்வுரையாசிரியரே துணிந்து கூறாது ஐயம் தோன்றும் இடைச்சொல்லொன்றைப் பெய்தே கூறுகிறார். அந்த ஐயம் பின்வந்தோர் எழுத்துகளில் எப்போது உதிர்ந்தது என்பது தனியே ஆராயத்தக்கது.